ஷவருக்குள் கட்டுத் திண்ணையும் சுவர் மாடமும்: தண்ணீர் இறங்காமல் கட்டுவது எப்படி?

அலஸ்தோட்டத்தான்:
எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை அலஸ்தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் ஒப்பரேசன் செய்திருக்கிறது, நின்று குளிப்பது இப்போதைக்குச் சரிவராது, இனிமேலும் கஷ்டம்தான் போலிருக்கிறது. அதனால் கீழ்த்தளப் பாத்ரூமில் ஷவர் பக்கம் நிரந்தரமாக ஒரு திண்ணை கட்டலாம், சோப், ஷம்பு, சீயக்காய்ப் போத்தல் எல்லாம் வைக்கச் சுவருக்குள் ஒரு மாடமும் வெட்டலாம், எல்லாவற்றுக்கும் டைல்ஸ் பதிக்கலாம் என்று யோசனை. பாத்ரூம் 5 அடிக்கு 8 அடி, அதில் கடைசி 3 அடிதான் ஷவர். பின்சுவர் வெளிச்சுவர், கடல் பக்கம் பார்த்தது. இடப்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டோர் அறை. எல்லாம் 6 இஞ்சி புளொக் கல். பழைய டைல்ஸ் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, கொத்த மனமில்லை.

மேசன் வந்து பார்த்துவிட்டு, "இருக்கிற டைல்ஸுக்கு மேலேயே கல்லு வைச்சுக் கட்டி டைல்ஸ் ஒட்டிவிடலாம் தம்பி, டைல்ஸ் ஒட்டினா தண்ணி எங்க போகப்போகுது" என்கிறார். எனக்கென்னவோ அந்தக் கதை பிடிபடவில்லை. கட்டிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

உவர்மலை ஐயா:
தம்பி, ஒரு பிளாஸ்டிக் கதிரையோடு முடிகிற காரியத்துக்கு ஏன் மேசனைக் கூப்பிட்டு வீட்டை உடைக்கிறீர்? நாங்கள் கிணற்றடியில் துவைக்கிற கல்லில் குந்தியிருந்து வாளியால் அள்ளிக் குளித்து வளர்ந்தவர்கள். கன்னியா வெந்நீரூற்றில் இன்றைக்கும் ஏழு கிணற்றிலும் நின்றபடி அள்ளித்தானே ஊற்றுகிறோம், யாருக்கு என்ன நடந்தது? திண்ணையாம், மாடமாம்.

வார்ட் அக்கா:
யாருக்கு என்ன நடந்தது என்று எங்கள் வார்டில் வந்து கேளுங்கள் ஐயா. இடுப்பெலும்பு முறிந்து வருகிற வயதானவர்களில் பாத்ரூமில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் தினமும் பார்க்கிறவள். பிளாஸ்டிக் கதிரையில் இருப்பது பிரச்சினை இல்லை, எழும்புகிற நேரம்தான் பிரச்சினை. ஒரு கையை ஊன்றி ஒரு பக்கமாகப் பாரத்தைப் போடும்போது சவர்க்காரத் தண்ணீரில் கால் அகன்று கதிரை வழுக்கிக்கொண்டு போகும். அவசரத்துக்கு வேண்டுமென்றால் ரப்பர் கால் வைத்த, உயரம் கூட்டிக் குறைக்கிற அலுமினியக் குளியல் கதிரை வாங்குங்கள் தம்பி, வேலை முடியும் வரைக்கும் அதுவே போதும்.

கட்டுவதென்றால் உயரத்தை மேசனிடம் விடவேண்டாம், அவர் தன் வீட்டு வாசல் படி உயரத்துக்குக் கட்டிவிட்டுப் போய்விடுவார். அம்மாவை ஒரு கதிரையில் வெறுங்காலோடு இருத்தி, முழங்காலுக்குப் பின்பக்க மடிப்பிலிருந்து தரை வரைக்கும் அளந்து பாருங்கள். குளியல் திண்ணைக்குப் பொதுவாக 17 முதல் 19 இஞ்சி உயரம் வைப்பார்கள். முழங்கால் ஒப்பரேசன் செய்தவர்களுக்குப் பதிவாக இருப்பதை விடக் கொஞ்சம் உயரமாக இருப்பதுதான் நல்லது, எழும்ப லேசு. ஆழம் 15 இஞ்சியாவது வேண்டும். டைல்ஸ் ஒட்டி முடிந்த பிறகு வருகிற உயரத்தைத்தான் சொல்கிறேன், கல்லின் உயரத்தை இல்லை.

ரி.ஓ. சீனக்குடா:
அக்கா சொன்ன அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நான் கட்டு வேலைப் பக்கம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

உங்கள் மேசன் சொன்ன அந்த ஒரு வசனத்தில்தான் எல்லாப் பிழையும் இருக்கிறது. டைல்ஸ் ஓடு தண்ணீரை விடாது, சரி. டைல்ஸ் பதித்த சுவர் தண்ணீரை விடும். இடைவெளியில் பூசுகிற சீமெந்துக் கிறவுட் தண்ணீரைக் குடிக்கும், மூலைகளில் மயிரிழை வெடிப்பு வரும், அதற்குள்ளாலும் போகும். உள்ளே போன தண்ணீரை நிறுத்துவது டைல்ஸுக்குப் பின்னால் பூசியிருக்கிற வோட்டர்புரூஃப் பூச்சு மட்டும்தான். அந்தப் பூச்சு தரையிலிருந்து திண்ணையில் ஏறி, திண்ணை மேலால் போய், சுவரில் ஏறி, மாடத்துக்குள் போய் வெளியே வரவேண்டும், ஓரிடத்திலும் அறாமல். இருக்கிற டைல்ஸுக்கு மேல் திண்ணை கட்டினால் புதுத் திண்ணையின் பூச்சைப் பழைய சுவரின் பூச்சோடு சேர்க்க வழியே இல்லை, பழைய சுவரில் பூச்சு இருக்கிறதோ என்பதும் சந்தேகம். திண்ணையும் பழைய டைல்ஸும் சந்திக்கிற கோட்டால் தண்ணீர் இறங்கும், இறங்கி வெளியே வர இடமில்லாமல் திண்ணையின் வயிற்றுக்குள் நிற்கும். அதிலும் உள்ளே உடைந்த கல்லும் மணலும் போட்டு நிரப்பியிருந்தால் அது ஒருநாளும் காயாது. கொஞ்சக் காலத்தில் திண்ணையின் முன்பக்க இடைவெளிகளில் வெள்ளையாக உப்புப் பூத்து வரும், பிறகு மணம் வரும், பிறகு ஸ்டோர் அறைச் சுவரில் பெயின்ற் கொப்பளிக்கும்.

அதனால் ஷவர் பகுதியில் மட்டுமாவது தரையும் 3 பக்கச் சுவரும் கொத்தத்தான் வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை. கொத்த விருப்பம் இல்லையென்றால் திண்ணை வேண்டாம், சுவரில் பூட்டுகிற மடக்கு இருக்கை ஒன்றைப் போடுங்கள், அது நேர்மையான தீர்வு.

கொத்துவதென்றால் ஒழுங்கு இப்படி: டைல்ஸையும் பழைய சீமெந்துப் பூச்சையும் எடுத்து, சிலாப் தெரியும் தரையில் திண்ணையைக் கட்டுங்கள். உள்ளே பொந்தில்லாத கல், அல்லது பொந்துக் கல்லைக் கொங்கிரீட் விட்டு நிரப்பிக் கட்டலாம். பலகை, சட்டம் எதுவும் வேண்டாம். கம்பி போட்டுச் சின்னச் சிலாப் வார்க்கலாமா என்று மேசன் கேட்பார், அதுவும் தேவையில்லை, முழுக் கல்லாகக் கட்டினால் கம்பிக்கு வேலையே இல்லை. எங்கள் பக்கம் உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் கம்பியைத் தின்னும், துரு வீங்கிக் கொங்கிரீட்டை வெடிக்க வைக்கும். கடற்கரைப் பக்கப் பழைய வீடுகளின் சன்சேட்டை அண்ணாந்து பார்த்தால் தெரியும்.

கட்டிய பிறகு, வோட்டர்புரூஃப் பூசுவதற்கு முன்னால், சீமெந்துப் பூச்சு வேலையிலேயே வாட்டம் வரவேண்டும். இதை எல்லோரும் பிழையாகச் செய்கிறார்கள். டைல்ஸ் ஒட்டும்போது பசையைக் கூட்டிக் குறைத்து வாட்டம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள், மேலே பார்த்தால் வாட்டம் இருக்கும், கீழே வோட்டர்புரூஃப் பூச்சு சமதரையாக இருக்கும். கிறவுட்டுக்குள்ளால் இறங்கிய தண்ணீர் ஓடுவது அந்தப் பூச்சின் மேல்தான், அது மட்டமாக இருந்தால் தண்ணீர் அங்கேயே தங்கும். 1 அடிக்குக் கால் இஞ்சி வாட்டம் போதும், 15 இஞ்சித் திண்ணைக்கு முன்பக்கம் அண்ணளவாக 8 மில்லிமீற்றர் பதிவு. இருக்கும்போது தெரியவே தெரியாது.

கலவைக்குக் கிணற்றுத் தண்ணீர் எடுக்க வேண்டாம். அலஸ்தோட்டத்துக் கிணறு எப்படி என்று உங்களுக்கே தெரியும். கந்தளாயிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீரைப் பாவியுங்கள். மணலும் ஆற்று மணலாக இருக்கட்டும், மகாவலி மணலை நாக்கில் வைத்தால் கரிக்காது.

ரொறன்ரோ மச்சான்:
இங்கே ஃபோம் பெட்டியாகவே மாடம் விற்கிறார்கள் மச்சான், வோட்டர்புரூஃப் எல்லாம் அதிலேயே இருக்கு. சுவரில் ஓட்டை போட்டு உள்ளே தள்ளி ஓரத்தை ஒட்டினால் முடிந்தது. திண்ணையும் ஃபோமில் வெட்டி வருகிறது. யாராவது வரும்போது கொடுத்துவிடட்டுமா?

ரி.ஓ. சீனக்குடா:
தம்பி, உங்கள் ஊர்ச் சுவர் மரச்சட்டம் அடித்து மேலே போர்ட் அறைந்த சுவர். இரண்டு சட்டத்துக்கு இடையில் வெறும் இடம் இருக்கும், பெட்டி போய் நிற்கும். இங்கே கல்லுச் சுவர், வெட்டின குழிக்கு உள்பக்கம் பூசி எடுத்தாலே மாடம் வந்துவிடும். விமானத்தில் ஃபோம் பெட்டி கொண்டுவருகிற இடத்தில் அம்மாவுக்கு வேறு ஏதாவது கொடுத்துவிடுங்கள்.

நிலாவெளி விடுதிக்காரி:
மாடம் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் விடுதி அறைகளில் அதைப் போட்டுப் பட்ட பாடு கொஞ்சமில்லை. முதலில் ஒரு ஒப்பந்தக்காரர் எல்லா அறைக்கும் மாடம் வெட்டிக் கொடுத்தார், அழகென்றால் அப்படி ஒரு அழகு, வந்தவர்கள் எல்லாம் படம் எடுத்தார்கள். அதில் கடல் பக்கச் சுவரில் வெட்டினவை ஒவ்வொன்றும் வாடை மழையோடு காட்டிக்கொடுத்தன. அந்தச் சுவரை வெளியிலிருந்து மழை அடிக்கிறது, உள்ளிருந்து ஷவர் அடிக்கிறது, நடுவில் மாடத்துக்குப் பின்னால் மிஞ்சியிருப்பது 2 இஞ்சிக் கல்லு. ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரைக்கும் அந்தச் சுவர் காயவே இல்லை. உடைத்துப் பார்த்தபோது மாடத்தின் அடித்தட்டு ரசமட்டம் வைத்ததுபோல் சமமாக இருந்தது, ஷம்பு போத்தலைச் சுற்றித் தண்ணீர் நின்று நின்று பின்மூலை கிறவுட் முழுக்கப் பொருபொருத்துக் கிடந்தது. நகத்தால் சுரண்டினால் மணலாக உதிர்ந்தது. உள்ளே வோட்டர்புரூஃப் பூச்சு இருந்தது, முன்பக்கச் சுவரில் மட்டும். மாடத்துக்குள் ஒரு துளி இல்லை.

ஆகவே தம்பி, பின்சுவரில் கை வைக்காதீர்கள். ஸ்டோர் அறைப் பக்கச் சுவரில் போடுங்கள். ஷவர் நேரே அடிக்கிற சுவரும் கூடாது. அடித்தட்டு முன்பக்கம் சரிந்திருக்க வேண்டும், சோப்பு வழுக்கி விழுகிற அளவுக்கு இல்லை, தண்ணீர் ஊற்றினால் தானாக வெளியே வரவேண்டும், அவ்வளவுதான். பிறகு நாங்கள் திருப்பிச் செய்தபோது அடித்தட்டுக்கு டைல்ஸ் போடவில்லை, கிரனைட்டில் ஒரே துண்டாக வெட்டிப் போட்டோம், இடைவெளியே இல்லை. கல்லுக் கடையில் சமையல் மேடைக்கு வெட்டிப் போட்ட மிச்சத் துண்டுகள் கிடக்கும், கேட்டால் மலிவாகத் தருவார்கள்.

இன்னொன்று, அளவு. ஆட்கள் மாடத்தை வெட்டிவிட்டுப் பிறகு டைல்ஸை அதற்கு ஏற்றமாதிரி வெட்டுகிறார்கள், ஓரத்தில் முக்கால் இஞ்சித் துண்டுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும், பார்க்கவே எரிச்சல். முதலில் டைல்ஸ் வரிசையைச் சுவரில் பென்சிலால் கீறுங்கள், மாடத்தின் 4 ஓரமும் டைல்ஸ் இடைவெளிக் கோட்டில் விழுகிற மாதிரி இடத்தைத் தெரிவு செய்யுங்கள். உயரத்துக்கு வீட்டில் இருக்கிற பெரிய பம்ப் போத்தலை வைத்து அளவுங்கள். அம்மா இருந்தபடி எட்ட வேண்டுமென்றால் தரையிலிருந்து 3 அடிக்குக் கிட்ட அடித்தட்டு வரட்டும்.

உவர்மலை ஐயா:
பார்த்தீரா. விடுதி நடத்துகிறவர்களே உடைத்துத் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். நான் சொன்ன கதிரை இன்னும் அப்படியே இருக்கிறது.

கிண்ணியா மேசன்:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் கட்டாரில் ஹோட்டல் வேலைகளில் டைல்ஸ் பதித்தவன், இப்போது ஊரில்தான். ரி.ஓ. சேர் சொன்னது எல்லாம் சரி. மேசன்மாரைத் திட்டுகிறீர்கள், பரவாயில்லை, ஆனால் இங்கே வீட்டுக்காரர் டைல்ஸுக்கு எவ்வளவும் கொடுப்பார், அதற்குக் கீழே பூசுகிற சாமானுக்குக் காசு கேட்டால் முகத்தைச் சுழிப்பார். அதையும் எழுதத்தான் வேணும்.

வேலை நுணுக்கம் சொல்கிறேன். வோட்டர்புரூஃப் பூச்சு இரண்டு சாதி கடையில் இருக்கும். ஒன்று வாளியில் பெயின்ற் மாதிரி வருகிற அக்ரிலிக். மற்றது தூளும் பாலும் தனித்தனியாக வந்து கலக்கிற சீமெந்துச் சாமான். எனக்குப் பாத்ரூமுக்கு இரண்டாவதுதான் விருப்பம். அக்ரிலிக் பூச சுவர் நன்றாகக் காய்ந்திருக்க வேணும், மாரி நேரத்தில் இங்கே எது காயும்? சீமெந்துச் சாமானுக்கு நேர்மாறு, சுவரை முதலில் நனைக்க வேணும், ஆனால் தண்ணீர் மினுங்கி நிற்கக் கூடாது. காய்ந்த சுவரில் பூசினால் சுவர் தண்ணீரை உறிஞ்சிப் பூச்சு தூளாகப் போகும். இரண்டு கை பூச வேணும், முதல் கை மேலும் கீழுமாக என்றால் இரண்டாம் கை குறுக்காக. அப்போதுதான் பிரஷ் கோடுகளுக்கு இடையில் விட்டுப்போன இடம் மூடும். முதல் கைக்கும் இரண்டாம் கைக்கும் எவ்வளவு நேரம் என்று பையில் எழுதியிருக்கும், அதை வாசிக்காமல் பூசுகிற ஆளை வேலைக்கு எடுக்க வேண்டாம்.

சுவர்ப் பரப்பில் ஒருவனும் பிழை விடமாட்டான். கசிவது எல்லாம் மூலையில். உள்மூலை எல்லாவற்றிலும் 4 இஞ்சி அகலத் துணி வலைப் பட்டி ஈரப் பூச்சுக்குள் வைத்து அழுத்த வேணும். திண்ணையின் முன் ஓரம் சுவரில் போய் முட்டுகிற இடம் இருக்கிறதே, அங்கேதான் மேல்தளம், முன்தளம், சுவர் என்று மூன்றும் ஒரு புள்ளியில் வரும். நீளப் பட்டியை அங்கே மடித்தால் மடிப்புக்குள் காற்று நிற்கும், வெட்டினால் நடுவில் ஊசி முனை அளவு ஓட்டை நிற்கும். நான் செய்கிற விதம்: முதலில் தனியாகச் சின்னத் துண்டு ஒன்றை ஒரு பக்கம் நறுக்கி அந்தப் புள்ளியை மட்டும் மூடி, சுண்டுவிரலால் உள்ளே அழுத்தி, பூச்சு வலைக்கண்ணுக்குள்ளால் மேலே வருகிற மட்டும் தேய்ப்பேன். அதற்குப் பிறகுதான் நீளப் பட்டிகள் அதன் மேல் ஏறி வரும். காய்ந்த பிறகு டோர்ச் லைட்டைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் ஊசி ஓட்டைகள் நிழல் விழுந்து தெரியும். மாடத்துக்குள் 4 மூலையும் இப்படித்தான், கை போகாது, சின்னப் பிரஷ் வாங்கிக் கொடுங்கள்.

மாடம் வெட்டும்போது சுத்தியல் வேண்டாம், கிரைண்டரால் 4 பக்கமும் அறுத்துவிட்டு மெல்லக் கொத்துங்கள். பொந்துக் கல்லென்றால் வெட்டினதும் உள்ளே பொந்து தெரியும், பின்பக்கம் ஒரு இஞ்சி ஓடுதான் மிஞ்சும், அந்தப் பொந்துகளைக் கலவையால் அடைத்து வலை வைத்துப் பூசாமல் மேலே போகவே கூடாது. ஒரு கல்லு நீளம், அதாவது 16 இஞ்சி அகலத்துக்குள் இருந்தால் மேலே ஒன்றும் தேவையில்லை. அதை விட அகலமென்றால் மேல் கல்லைத் தாங்கச் சின்ன லிண்டல் வைக்க வேணும்.

அலஸ்தோட்டத்தான்:
கிண்ணியா நானா, ஜஸாக்கல்லாஹ். எல்லோருக்கும் நன்றி. கொத்துவது என்று முடிவெடுத்தாகிவிட்டது, ஷவர்ப் பகுதி முழுக்க. மாடம் ஸ்டோர் சுவரில், திண்ணை அதற்கு எதிர்ச்சுவரில் போடலாம் என்று கீறினேன், பிறகு பார்த்தால் அம்மா திண்ணையிலிருந்து எழும்பிப் போய்த்தான் சோப் எடுக்கவேண்டும்! அதனால் திண்ணையும் ஸ்டோர் சுவர்ப் பக்கம் வருகிறது, மாடம் திண்ணைக்கு மேலே, வலக்கை எட்டுகிற இடத்தில். 5 அடி அகலத்தில் திண்ணைக்கு 15 இஞ்சி போனால் 45 இஞ்சி மிச்சம், தாராளம்.

இரண்டு கேள்வி. திண்ணை மேல்தளத்துக்கு டைல்ஸா கல்லா? கைபிடிக் கம்பிக்குத் துளை போட்டால் பூச்சு ஓட்டையாகாதா?

ரி.ஓ. சீனக்குடா:
கல். ஒரே பலகையாக 20 மில்லிமீற்றர் கிரனைட், முன்பக்கம் அரை இஞ்சி வெளியே நீட்டி, நீட்டின பகுதியின் அடியில் ஒரு சின்னக் கோடு அறுக்கச் சொல்லுங்கள், தண்ணீர் அந்தக் கோட்டில் அறுந்து சொட்டும், முன்டைல்ஸில் வழிந்து இறங்காது. பளபள மேல் வேண்டாம், சொரசொரப்பாக முடித்ததை எடுங்கள். மார்பிள் வேண்டவே வேண்டாம், தேசிக்காய் பட்டாலே அரித்துப் போகிற கல் அது. பலகைக்குக் கீழேயும் பூச்சு முழுதாக இருக்கவேண்டும், கல்லைப் போட்டுவிட்டோமே என்று அதை விடக் கூடாது.

கைபிடிக்குத் துளை போடத்தான் வேண்டும், அது சுவரில்தானே, திண்ணை மேல்தளத்தில் இல்லை. துளைக்குள் முதலில் சிலிக்கன் விட்டு, பிறகு போல்ற்றை வைத்து, கைபிடியின் தட்டுக்குப் பின்னாலும் ஒரு சுற்று விட்டு முறுக்குங்கள். கிடைமட்டமான எந்த இடத்திலும் துளை வேண்டாம், அங்கே தண்ணீர் நிற்கும். முக்கியமான விஷயம், கைபிடி வருகிற இடத்துப் பொந்துக் கற்களை இப்போதே, பூசுவதற்கு முன்னாலேயே கொங்கிரீட் விட்டு நிரப்புங்கள். வெறும் பொந்துக் கல்லில் போல்ற் நிற்காது, அம்மாவின் முழுப் பாரமும் அதில் வரப்போகிறது. நிரப்பின இடத்தை அளந்து படம் எடுத்து வையுங்கள், டைல்ஸ் ஒட்டின பிறகு ஒன்றும் தெரியாது.

வார்ட் அக்கா:
கைபிடி தரையிலிருந்து 33 முதல் 36 இஞ்சிக்குள். தண்ணீர்க் குழாய்த் திருகு திண்ணையில் இருந்தபடி எட்டவேண்டும், ஆனால் ஷவர் தலை இருக்கிற ஆளின் முகத்துக்கு நேரே வேண்டாம். கையில் பிடிக்கிற ஹாண்ட் ஷவர் ஒன்று கட்டாயம்.

சாம்பல்தீவுப் பொடியன்:
இடையில் வாறதுக்கு மன்னிக்க வேணும். நான் ஏற்கனவே பெரிய போசலின் டைல்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன், எங்கள் மேசன் சீமெந்துப் பால் பூசி ஒட்டினால் போதும் என்கிறார், டைல் பசை வீண் செலவாம். உண்மையா?

கிண்ணியா மேசன்:
இல்லை தம்பி. பழைய சுவர் டைல்ஸ் முதுகு தண்ணீரை உறிஞ்சும், சீமெந்து பிடிக்கும். போசலின் உறிஞ்சுவது நூற்றில் அரைக்கும் குறைவு, சீமெந்துக்குப் பிடிக்க இடமே இல்லை, கொஞ்ச நாளில் தட்டினால் டொக் டொக் என்று சத்தம் கேட்கும். வோட்டர்புரூஃப் பூச்சின் மேல் ஒட்டுவதற்கும் பொலிமர் கலந்த பசைதான் வேணும். பல்லுக் கரண்டியால் ஒரே பக்கமாக இழுத்து, டைல்ஸ் முதுகிலும் மெல்லிசாகத் தேய்த்து அழுத்துங்கள். 5 இடத்தில் உருண்டை வைத்து ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த உருண்டைகளுக்கு இடையில் தண்ணீர் தங்கும். எத்தனையோ கசிவுக்கு அதுதான் காரணம்.

அலஸ்தோட்டத்தான்:
நிலவரம்: கொத்தியாகிவிட்டது, திண்ணை எழும்பியாகிவிட்டது, வாட்டம் எடுத்துப் பூசி இரண்டு கை பூச்சும் முடிந்தது. பழைய மேசன்தான் செய்தார், முதலில் கொஞ்சம் முறைத்தார், பிறகு கிண்ணியா நானா எழுதினதை வாசித்துக் காட்டியதும் அந்த மூலைத் துண்டு விஷயத்தை ஆர்வமாகச் செய்தார், "இது எனக்கு யாரும் சொல்லித்தரேல்ல" என்றார். இனி டைல்ஸ் ஒட்டலாமா?

ரி.ஓ. சீனக்குடா:
பொறுங்கள். தண்ணீர் கட்டிப் பார்க்காமல் ஒரு டைலும் ஒட்டவேண்டாம். ஷவர் வாசலில் வரம்பு கட்டியிருக்கிறீர்கள்தானே, வடிகால் வாயை இறுக்கி அடைத்து, வரம்பு வழியாத அளவுக்கு 2 இஞ்சி தண்ணீர் விடுங்கள். சுவரில் பென்சிலால் மட்டத்தைக் குறியுங்கள், 24 மணித்தியாலம் விடுங்கள். பக்கத்தில் ஒரு வாளியில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போடுங்கள், எங்கள் வெயிலுக்குக் கொஞ்சம் ஆவியாகும். வாளியில் குறைந்த அளவுதான் தரையிலும் குறைந்திருக்க வேண்டும், அதை விடக் கூடக் குறைந்தால் எங்கேயோ போகிறது. இது தரையையும் திண்ணையின் அடியையும் மட்டும்தான் சோதிக்கும். திண்ணை மேலுக்கும் மாடத்துக்கும் ஹோஸைப் பிடித்து நன்றாக அடித்துவிட்டு ஸ்டோர் அறைச் சுவரைத் தொட்டுப் பாருங்கள்.

அலஸ்தோட்டத்தான்:
சொன்னது நல்லதாகப் போயிற்று. ஸ்டோர் சுவர் காய்ந்தபடி இருக்கிறது, மாடத்தில் ஊற்றின தண்ணீர் நிற்காமல் வெளியே வந்தது. ஆனால் தரையில் மட்டும் வாளியை விடத் தெளிவாகக் கூடக் குறைந்திருந்தது. தேடிப் பார்த்தால் வடிகால் வாயைச் சுற்றி, பூச்சு பைப்பின் உதட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது, விரல் அகல இடைவெளி வெறும் சீமெந்து. அதைச் சுரண்டி, வலை வைத்து, பூச்சை பைப்புக்குள் இறக்கி, காயவிட்டுத் திரும்பக் கட்டினோம். இப்போது வாளியும் தரையும் ஒரே கோடு.

நிலாவெளி விடுதிக்காரி:
நல்லது. டைல்ஸ் ஓரத்துக்கு அலுமினியப் பட்டி போடச் சொல்வார்கள், போடாதீர்கள், கடல் காற்றுக்கு அது குழிகுழியாக அரித்துப் போகும். மாடத்தின் ஓரத்தையும் கிரனைட் பட்டியால் சட்டம் போட்டுவிடுங்கள். ஸ்ரெயின்லெஸ் என்று வாங்கும் கைபிடியும் 316 வகையாக இருக்கட்டும், சாதாரண 304 இங்கே தேயிலைச் சாயம் படிந்தமாதிரிப் பழுப்பு ஏறும்.

கிண்ணியா மேசன்:
சுவரும் சுவரும், சுவரும் திண்ணையும், தரையும் திண்ணையும் சந்திக்கிற கோடுகளுக்குக் கிறவுட் போட வேண்டாம், அங்கே சிலிக்கன்தான். இரண்டு பக்கமும் வேறு வேறாக அசையும், கிறவுட் வெடிக்கும். வினாகிரி மணக்கிற சிலிக்கன் வேண்டாம், கல்லுக்கு ஆகாது, நியூட்ரல் என்று எழுதினது, பூஞ்சணம் பிடிக்காதது கேட்டு வாங்குங்கள். கிறவுட் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அதை இழுக்க வேணும்.

உவர்மலை ஐயா:
எல்லாம் சரி, இதை யார் தேய்த்துக் கழுவுவது? மாடத்து மூலையில் சோப்புச் சளி, கிணற்றுத் தண்ணீரின் வெள்ளைப் படை, ஒவ்வொரு இடைவெளியிலும் கறுப்பு. கதிரை என்றால் தூக்கி வெயிலில் வைத்துவிடலாம். இதற்குப் பதில் சொல்லுங்கள் பார்ப்போம்.

ரி.ஓ. சீனக்குடா:
ஐயா, இந்தக் கேள்வி நியாயமான கேள்வி, ஒருவரும் கேட்காமல் விட்டது. உப்புப் படையைப் போக்க ஆட்கள் கொமட் கழுவுகிற அசிட்டை ஊற்றுவார்கள், அது சீமெந்துக் கிறவுட்டை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். அதை ஷவருக்குள் கொண்டுபோகவே வேண்டாம். குளித்து முடிந்ததும் ரப்பர் துடைப்பானால் சுவரையும் திண்ணையையும் ஒரு இழுவை இழுத்துவிட்டால் படை பிடிக்க நேரம் இருக்காது, பிறகு சாதாரணச் சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். செலவு பார்க்காவிட்டால் மாடத்துக்குள்ளும் திண்ணையைச் சுற்றியும் எபொக்சிக் கிறவுட் போடலாம், அது தண்ணீர் குடிக்காது, கறையும் பிடிக்காது, ஆனால் பூசுகிறவர் கை வேகமாக இருக்கவேண்டும், இறுகிவிட்டால் துடைக்க முடியாது. சிலிக்கன் நிரந்தரம் இல்லை, கறுத்தால் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக இழுக்க வேண்டியதுதான். மேல் ஜன்னலைப் பூட்டாமல் காற்றுப் போக விடுங்கள்.

உவர்மலை ஐயா:
ரப்பர் துடைப்பானை அந்த அம்மாவா இழுப்பார்?

அலஸ்தோட்டத்தான்:
நான்தான் இழுக்கிறேன் ஐயா, வேறு யார். டைல்ஸ் ஒட்டி முடிந்துவிட்டது, சிலிக்கனும் போட்டாயிற்று, கைபிடியில் நானே தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. ஒரு கடைசிக் கேள்வி, ஹாண்ட் ஷவர் கொக்கி திண்ணைக்கு இடப்பக்கமா வலப்பக்கமா? மேசன் துளை போடக் காத்துக்கொண்டு நிற்கிறார்.

வார்ட் அக்கா:
அம்மாவுக்கு எந்தக் கையில் பலம் கூட? அந்தக் கை கைபிடிக்கு. கொக்கி மற்றக் கைப் பக்கம், இருந்தபடி தோள் உயரத்துக்கு வரட்டும், அண்ணாந்து எட்டி எடுக்கிற மாதிரி வேண்டாம். துளைக்குள் சிலிக்கன் விட மறக்க வேண்டாம் என்று மேசனிடம் சொல்லுங்கள்.